எல்லாச் சத்தத்துக்கும் விரல் தூக்கினேன்

என் மகனுக்கு,

இதை யாரிடமும் காட்டிவிடாதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். முக்கியமாக என் அம்மாவிடம், அதாவது உன் அம்மாச்சியிடம், காட்டவே காட்டாதே. நீ இதைப் படிக்கிற காலத்தில் உனக்கு மீசை முளைத்திருக்கும், அவளுக்குத் தலை நரைத்திருக்கும். ஆனாலும் அவள் கோபம் நரைத்திருக்காது என்பது எனக்குத் தெரியும். படித்துவிட்டு நாலாக மடித்து உன் சட்டைப் பையில் வைத்துக்கொள். சட்டையைச் சலவைக்குப் போடும் முன்னால் மட்டும் ஞாபகமாக எடுத்துவிடு.

எனக்கு இப்போது பதினாறு வயது. பதினோராம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறேன். நீ இன்னும் பிறக்கவில்லை. உன் அப்பா யாரென்றுகூட எனக்குத் தெரியாது. அதனால் என்ன, உன்னைத் தவிர இதைச் சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை. மகள் பிறந்தால் அவளும் படிக்கட்டும், ஆனால் அவளுக்குச் சொல்லாமலே பாதி புரிந்துவிடும். உனக்குத்தான் எழுதிச் சொல்ல வேண்டியிருக்கும். காரைக்குடியில் ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில் நாங்கள் குடியிருக்கிறோம். நானும் அக்காவும் படுப்பது மச்சில். இங்கே தரையெல்லாம் மரப்பலகை. அக்கா என் பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள். அப்பா பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர், இன்றைக்கு ராத்திரி டூட்டி. நான் இரண்டு உள்ளங்காலையும் பலகையில் அழுத்தி ஊன்றிக்கொண்டு எழுதுகிறேன். யாராவது மாடிப்படி ஏறினால் எனக்குக் காலில்தான் தெரியும். உன் அம்மாவுக்குக் காது அங்கேதான் இருக்கிறது.

ஆமாம், எனக்குக் காது கேட்காது. வலது காதில் ஒன்றுமே இல்லை. இடது காதில், அப்பா பஸ்ஸை வெளியே அனுப்ப ஊதுகிற விசிலும் அப்பாவின் தொண்டையும் ஓரளவு விழும். ஏழு வயதில் பதினெட்டு நாள் காய்ச்சல் வந்தது, போகும்போது காதை எடுத்துக்கொண்டு போய்விட்டது. மற்றவர்கள் பேசுவதை உதட்டைப் பார்த்தே படித்துவிடுவேன். இதில் நான் கெட்டிக்காரி. பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை மைதானத்தின் அந்தக் கோடியில் நின்று யாரைத் திட்டுகிறார், என்னவென்று திட்டுகிறார் என்று இந்தக் கோடியில் உட்கார்ந்து சொல்லுவேன். தோழிகள் அதற்காக எனக்கு நெல்லிக்காய் கொடுப்பார்கள். அதனால்தான் இப்போதே சொல்லிவைக்கிறேன்: நீ மீசை வைத்துக்கொள்வதானால் வைத்துக்கொள், ஆனால் மேலுதட்டை மூடாதபடி கத்தரித்துக்கொள். உன் அப்பாவாக வரப்போகிறவருக்கும் இதுதான் என்னுடைய ஒரே நிபந்தனை. நிறம், உயரம், வேலை எதுவானாலும் பரவாயில்லை.

எங்கள் வீட்டில் என்னைக் கூப்பிட இரண்டு வழி உண்டு. அப்பா தரையில் ஓங்கி இரண்டு மிதி மிதிப்பார்; பலகை அதிர்ந்து என் முதுகுத்தண்டு வரை ஏறும், நான் திரும்புவேன். அக்காவும் அப்படியே செய்வாள். அம்மா மட்டும் ஒரு நாளும் தரையை மிதித்ததில்லை. காது கேட்கிற பெண்ணைக் கூப்பிடுவதுபோலக் கதவைத் தட்டுவாள். நான் கதவுக் கொண்டி ஆடுவதைப் பார்த்துப் போய்த் திறந்தால், "எவ்வளவு நேரமாத் தட்டுறேன், கவனம் எங்கேடி போச்சு?" என்பாள். என் காதுக்கு ஒன்றும் இல்லை, கவனம்தான் குறைவு என்பது அம்மாவின் கட்சி. அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்ததிலிருந்து அந்தக் கட்சி இன்னும் கெட்டியாகிவிட்டது. வெளி ஆள் முன்னால் எதையும் திரும்பக் கேட்கக் கூடாது என்று சொல்லி எனக்கு மூன்று பதில்கள் பழக்கிவைத்தாள். யாராவது சிரித்துக்கொண்டு பேசினால் நானும் சிரிக்க வேண்டும். தலையை ஆட்டிப் பேசினால் "ஆமாங்க" என்று சொல்ல வேண்டும். புருவத்தை உயர்த்தி என் முகத்தையே பார்த்தால், அது கேள்வி. அதற்கு "அம்மாவைக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்று சொல்ல வேண்டும். இந்த மூன்றை வைத்துக்கொண்டு நான் எத்தனை கல்யாண வீட்டைத் தாண்டி வந்திருக்கிறேன் தெரியுமா!

ஒரு வீட்டை மட்டும் தாண்ட முடியவில்லை. அதையும் உன்னிடம் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன தை மாதம் அக்காவைப் பார்க்க கீழச்சிவல்பட்டியிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் சித்தி வெற்றிலையை மென்றுகொண்டே என்னிடம் ஏதோ கேட்டார். வாய் நிறைய வெற்றிலை இருக்கும்போது எந்த உதட்டையும் படிக்க முடியாது மகனே. அவர் தலையை ஆட்டினார், நான் "ஆமாங்க" என்றேன். அவர் கண் விரிந்தது. இன்னும் எதையோ கேட்டார், நான் இன்னும் அழகாக "ஆமாங்க" என்றேன். அன்றைக்குச் சாயந்திரமே வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். உங்கள் அக்காவுக்கு இதற்கு முன்னால் நிச்சயம் ஆகி நின்றுபோயிருக்கிறதா என்று கேட்டாராம். எத்தனை தடவை, இரண்டு தடவையா என்றும் கேட்டாராம். நான் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. அக்காதான் தட்டை எடுத்துக்கொண்டு மச்சுக்கு வந்து, என் மோவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, "ஏண்டி அழுகுற? அந்த மாப்பிள்ளை மூக்கைப் பாத்தியா? ஜன்னக் கம்பிக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு. நல்ல வேளை, காப்பாத்துன, சாப்பிடு" என்றாள். உன் பெரியம்மா அப்படிப்பட்டவள். நீ அவளுக்கு எப்போதும் நல்ல பிள்ளையாக இரு.

இனி இன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். உடல் குறை உள்ளவர்களுக்கு மெட்ராஸில் தொழில் கற்றுக்கொடுத்து வேலைக்கும் சிபாரிசு செய்கிறார்களாம். யார் யாருக்கு அந்தத் தகுதி இருக்கிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க இரண்டு நாள் முகாம் போட்டு, இங்கே ஒரு பள்ளிக்கூடத்துக்கு வந்திருக்கிறார்கள். அதற்கான நோட்டீஸை யாரோ பஸ்ஸின் முதுகில் ஒட்டியிருக்கிறார்கள். அப்பா பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஓடிப்போய்ப் படித்துவிட்டு வந்து என் பேரைக் கொடுத்துவிட்டார். அம்மாவிடம் மூன்று நாள் வாதாடினார். "அங்குட்டுப் போய் என்ன சொல்லச் சொல்றீக? ஊரைக் கூட்டி, எம் மக செவிடுன்னு தண்டோராப் போடவா? கண்டரமாணிக்கத்துக்காரவுக ஞாயித்துக்கிழமை வர்றாக!" என்றாள் அம்மா. அது அக்காவுக்குப் புதிதாக வந்திருக்கிற இடம். கடைசியில், தானும் கூட வருவதாக இருந்தால் சரி என்று ஒப்புக்கொண்டாள். இன்றைக்குக் காலையில் எனக்குத் தலைக்குக் குளிப்பாட்டி, அக்காவின் அரக்குப் பட்டுப் பாவாடையைக் கட்டி, தலை நிறையப் பூ வைத்து, வாசலைத் தாண்டும் முன்னால் என் முகத்தை நிமிர்த்தி, "கேட்டதுக்கெல்லாம் டக்கு டக்குன்னு பதில் சொல்லணும். நம்ம மானத்தை வாங்கிராத" என்றாள். நாங்கள் போன தினுசைப் பார்த்தால் அந்த முகாமில் எனக்கு நிச்சயதார்த்தம் என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். வரிசையில் ஊன்றுகோலோடு நின்ற ஓர் அண்ணன் எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார், யாரோ அதிகாரி வீட்டுப் பிள்ளை என்று.

டாக்டர் திருகுகள் பதித்த ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் தலையில் இரண்டு கிண்ணம்போல ஒன்றை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் விரலைத் தூக்கு என்று எழுதிக் காட்டி, தனக்கு முதுகைக் காட்டி உட்காரச் சொன்னார். எதிர்ச் சுவரில் கண்ணாடி போட்ட ஒரு படம் மாட்டியிருந்தது. அந்தக் கண்ணாடியில் டாக்டரின் முழங்கை தெரிந்தது. கொஞ்சம் தள்ளி நாற்காலி நுனியில், கையைக் கோத்துக்கொண்டு அம்மா. முழங்கை அசைந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, என் விரல் தானாக எழுந்தது. அம்மாவின் முகம் மலர்ந்தது. இன்னொரு முறை முழங்கை, இன்னொரு முறை விரல். நான் வேண்டுமென்று செய்யவில்லை மகனே. கொசு கடித்த இடத்துக்குக் கை போவதில்லையா, அப்படித்தான் போனது. ஒன்பது வருஷத்துப் பழக்கம். கடைசியில் டாக்டர் கிண்ணங்களைக் கழற்றி, என்னைத் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டு, அம்மாவைப் பார்த்துக் கடுகடுவென்று, "இந்தப் பொண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. சலுகைக்காகப் பொய் சொல்லிக்கிட்டு வர்றீங்களா? இடத்தை அடைச்சுக்கிட்டு!" என்றார். அதற்கு அம்மா எழுந்து நின்று, பெருமை பொங்க, "எங்களுக்கு எதுக்குங்க சலுகை? எம் மகளுக்குக் குறைன்னு நான் எப்பச் சொன்னேன்?" என்றாள்.

வெளியே அப்பா இரண்டு பஸ்ஸுக்கு நடுவில் கிடைத்த இடைவெளியில் ஓடி வந்து, வேர்த்து நின்றுகொண்டிருந்தார். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை வாங்கிப் பார்த்தார். தலையில் கை வைத்துக்கொண்டார். "அடி ஆத்தா! பள்ளிக்கூடத்துல கணக்குல நாப்பதைத் தாண்ட மாட்ட, பெயிலாக வேண்டிய இடத்துல வந்து நூத்துக்கு நூறு வாங்கிப்புட்டியே!" என்றார். அவர் சொன்னது முழுக்க என் காதிலேயே விழுந்தது. தெருவில் போனவர்களுக்கும் விழுந்திருக்கும். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அப்பா எப்போதுமே ஒரு பஸ் தவறிவிட்டால் அடுத்தது எத்தனை மணிக்கு என்று பார்க்கிற ஆள். "சரி, வந்தது வந்துட்டோம். அந்த ரூம்புல என்னமோ வேலை வச்சுப் பாக்குறாகளாம். அதையும் ஒரு எட்டுப் பாத்துட்டுப் போவோம்" என்று எங்களை இழுத்துக்கொண்டு போனார்.

அந்த அறையில் கண்ணாடி போட்ட ஓர் அம்மா இருந்தார்கள், மெட்ராஸிலிருந்து வந்த அதிகாரி. டாக்டரின் சீட்டைப் பார்த்து, "குறை இல்லைன்னு எழுதியிருக்காரே, அப்புறம் எதுக்கு இங்கே?" என்றார்கள். ஆனாலும் என் பட்டுப் பாவாடையையும் பூவையும் பார்த்துப் பாவம் என்று நினைத்தார்களோ என்னவோ, கழற்றிப்போட்டிருந்த ஒரு டைம்பீஸை என் பக்கம் தள்ளி, "பூட்டு, பார்ப்போம்" என்றார்கள். மகனே, அதுதான் இன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்த நேரம். பல்சக்கரம் பல்சக்கரத்தில் போய் உட்காரும்போது விரல் நுனியில் ஒரு சின்ன அசைவு தெரியும், பார்த்திருக்கிறாயா? அதற்குக் காது வேண்டாம். வீட்டுக் கடிகாரத்தை அம்மாவுக்குத் தெரியாமல் எத்தனை முறை கழற்றி மாட்டியிருக்கிறேன்! பூட்டி முடித்துச் சாவி கொடுத்து, அது கையில் லேசாகத் துடித்ததும், ஓடுகிறது என்று தெரிந்துகொண்டு எனக்குப் பின்னால் இருந்த ஜன்னல் கட்டையில் வைத்தேன். அந்த அம்மா என் பேர், வகுப்பு எல்லாம் கேட்டார்கள். பளிச்சென்ற உதடு, நான் டக்கு டக்கென்று பதில் சொன்னேன். திடீரென்று அம்மா நாற்காலியிலிருந்து துள்ளினாள். அப்பா காதைப் பொத்தினார். அதிகாரி அம்மா துள்ளவும் இல்லை, பொத்தவும் இல்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை, முதல் பதிலைக் கொடுத்தேன்: சிரித்தேன். அவர்கள் மெதுவாக ஒரு தாளை எடுத்து வாயை மறைத்துக்கொண்டார்கள். புருவம் மட்டும் உயர்ந்தது. அது கேள்வி. நான் மூன்றாவது பதிலைச் சொன்னேன்: "அம்மாவைக் கேட்டுட்டுச் சொல்றேன்."

அப்பா சிரித்தார் பார், அப்படி ஒரு சிரிப்பு. அந்த அம்மாவும் தாளைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். அப்புறம்தான் எனக்குச் சொன்னார்கள். என் பின்னால் அந்த டைம்பீஸ் அலாரம் அடித்து ஓய்ந்திருக்கிறது. தாளுக்குப் பின்னால் அவர்கள் கேட்டது, "உனக்குக் காது கேக்குதாம்மா?"

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அதிகாரி அம்மா நாற்காலியை அம்மாவின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு பொறுமையாகச் சொன்னார்கள். "மூணே கேள்விதாம்மா. குறை இருக்கா? அந்தக் குறையால வேலை கிடைக்கிறது கஷ்டமா? பயிற்சி கொடுத்தா வேலை செய்வாளா? மூணுக்கும் ஆமான்னு இருந்தாத்தான் நான் எடுக்க முடியும். கடைசிக் கேள்விக்கு இந்த டைம்பீஸ் பதில் சொல்லிடுச்சு. நடுவுல இருக்கறதை நான் எழுதிக்கிறேன். முதல் கேள்விக்கு நாளைக்குக் காலையில இவளை மறுபடி டாக்டர்கிட்ட அனுப்பறேன், இந்தத் தடவை கண்ணை மூடிக்கிட்டு உக்காரட்டும். அவர் சந்தேகப்படுவார். காய்ச்சல் எப்போ வந்தது, எப்போலேருந்து கேக்கலைன்னு கூட இருந்து பாத்தவங்க சொல்லிக் கையெழுத்துப் போடணும்." அப்பா கையை நீட்டினார். "நீங்க அப்போ வீட்ல இருந்தீங்களா?" என்று கேட்டார்கள். அப்பா அப்போது கண்டக்டர், ராமேஸ்வரம் லைனில் இருந்தார். அந்தப் பதினெட்டு நாளில் நாலு நாள்கூட என்னைப் பார்க்கவில்லை. கையை மடக்கிக்கொண்டார். "நீங்கதாம்மா சொல்லணும். எப்போலேருந்து கேக்கலை?" அம்மா தன் முந்தானை நுனியைச் சுருட்டினாள். தரையைப் பார்த்தாள். "வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேன்" என்றாள். அப்பா பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்தோம். அம்மா நேரே அடுப்பங்கரைக்குப் போனாள். குழம்பில் உப்பு இல்லை, யாரும் சொல்லவும் இல்லை. அக்காதான் கேட்டாள்: "ஏம்மா, என்னையப் பாக்க வர்றவுக இவ காதையா பாக்க வர்றாக? வேணாம்னு போறவுக இப்பவே போகட்டும். நானே ஞாயித்துக்கிழமை காப்பிய வச்சுட்டுச் சொல்லிப்புடுறேன், எந் தங்கச்சிக்குக் காது கேக்காது, ஆனா உங்க வீட்டுக் கடிகாரம் நின்னுபோனா அனுப்புங்கன்னு." அப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டு டூட்டிக்குப் போய்விட்டார். அம்மா அடுப்பங்கரையில் விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். நாளை மதியத்தோடு முகாம் முடிகிறது. அம்மா வரவில்லை என்றால் எனக்கு மெட்ராஸ் இல்லை; டைம்பீஸும் இல்லை. அடுத்த முறை எப்போது வருவார்கள் என்று அவர்களுக்கே தெரியவில்லை.

இப்போது, யாரிடமும் காட்டாதே என்று எதற்காகக் கெஞ்சினேனோ, அதற்கு வந்துவிட்டேன். அம்மாதான் என் குறையை மறைத்தாள் என்று நீ நினைத்திருப்பாய். அப்படி இல்லை. காய்ச்சல் விட்ட பிறகு தினமும் காலையில் அம்மா எனக்குப் பின்னால் வந்து நின்று இரண்டு பித்தளைத் தாம்பாளத்தை மோதித் தட்டுவாளாம். நான் திரும்ப மாட்டேன். அவள் முன்பக்கம் வந்து என் முகத்தைப் பார்ப்பாள். அவள் கண் சிவந்திருக்கும். ஒரு மாதம் இப்படியே போனது. ஒரு நாள் காலை வெயிலில் முற்றத்தில் உட்கார்ந்திருந்தேன். என் முன்னால் தரையில் அவள் நிழல் விழுந்தது. நிழலில் இரண்டு தாம்பாளம் உயர்ந்தது, சேர்ந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். மகனே, அன்றைக்கு அம்மாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். தாம்பாளத்தைப் போட்டுவிட்டு என்னைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கே ஓடினாள். பிள்ளையார் கோயிலில் நூற்றெட்டுத் தேங்காய் உடைத்தாள். அந்த முகத்துக்காகத்தான் நான் அதற்குப் பிறகும் திரும்பிக்கொண்டே இருந்தேன். இன்றைக்குக் கண்ணாடியில் முழங்கையைப் பார்த்ததும், அன்றைக்கு நிழலைப் பார்த்ததும் ஒன்றுதான். முதல் பொய் என்னுடையது. அம்மா அதை நம்பியதைத் தவிர வேறு ஒரு தப்பும் செய்யவில்லை.

நாளைக்கு நான் கண்ணை மூடினால் அவளுக்கு எல்லாம் தெரிந்துவிடும். அதுதான் என் பயம். மெட்ராஸ் கூட இல்லை. நீ பயப்படாமல் இருக்கக் கற்றுக்கொள் என்று பெரிய மனுஷிபோல எழுத ஆசை, ஆனால் எனக்கே இன்னும் பயம் போகவில்லை. அதனால் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். கேட்காததைக் கேட்டது என்று சொல்லாதே, யாருடைய முகம் மலர்வதற்காகவும் சொல்லாதே. புரியவில்லை என்றால் இன்னொரு முறை கேள். கேட்பதில் மானம் போகாது. ஓர் அலுவலகத்தில் போய் நிற்க வேண்டி வந்தால் முடியாததை முதலில் காட்டு, அப்புறம் முடிகிறதைக் காட்டு. இரண்டையும் ஒரே முகத்தோடு காட்டு. என்னோடு பேசும்போது காதில் கத்தாதே, முகத்துக்கு நேரே வந்து நின்று சாதாரணமாகப் பேசு. உன் பெண்டாட்டியிடமும் சொல்லிவை. வெற்றிலை போடுகிற குடும்பத்தில் மட்டும் பெண் எடுக்காதே. கடிகாரம் வாங்கினால் என்னைக் கேட்காமல் கடையில் கொடுத்துப் பழுது பார்க்காதே, அது எனக்கு அவமானம். அப்புறம், உன் அம்மாச்சியை நீ ஒரு நாளும்

பலகை அதிர்ந்தது.

இரண்டு மிதி. அப்பாவின் மிதி இல்லை. அப்பா ஸ்டாண்டில் இருக்கிறார். அக்கா இதோ என் பக்கத்தில் வாயைத் திறந்தபடி தூங்குகிறாள். கொண்டியைப் பார்க்கிறேன், அது ஆடவே இல்லை. கதவை யாரும் தட்டவில்லை. கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, பழக்கமில்லாத ஒரு கால், மெதுவாக, பயந்து பயந்து, இதோ மறுபடியும்